எதிர்ப்பு சக்தி இருக்கு, நேரம்தான் இல்லை: நாய்க்கடி ஊசியைப் பாதியில் விடுகிறவர்களுக்கு ஒரு நீண்ட இழை

1/
"காயம் ஆறிடுச்சி சார். ஒரு ஊசி போட்டாச்சு. உடம்புல எதிர்ப்பு சக்தியும் நல்லாத்தான் இருக்கு. மீதி ஊசி எதுக்கு?"

பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பதாகச் சொல்வார். காயம் ஆறியது உண்மையாக இருக்கலாம். ஊசி ஒன்று போட்டதும் உண்மை. எதிர்ப்பு சக்தி இருப்பதும் உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவு உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பொறுமையா சொல்றேன், கடைசி வரை படிங்க.

2/
முதலில் கணக்கு. ஐ.சி.எம்.ஆர். விஞ்ஞானிகள் 2022-23ல் நாடு முழுக்க வீடு வீடாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் விலங்குக்கடி. ரேபிஸ் சாவு ஆண்டுக்குச் சுமார் 5,700. நாய் கடித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. போட ஆரம்பித்தவர்களிலும் பலர் பாதியில் நிறுத்தியவர்கள்.

அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸுக்கு மருந்து கிடையாது. கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சாவு. ஆனால் கடித்த உடனே முறையாகச் செய்தால், கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு தடுக்கலாம். இவ்வளவு பெரிய வித்தியாசம் உள்ள வேறு நோய் சொல்வது கஷ்டம்.

3/
இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் உடம்பு ரேபிஸ் வைரஸை வாழ்நாளில் பார்த்ததே இல்லை. உங்கள் அப்பா பார்த்ததில்லை, தாத்தா பார்த்ததில்லை. அப்படியிருக்க, அந்த வைரஸின் மேல் சரியாகப் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியை உங்கள் உடம்பு எப்படிச் செய்கிறது?

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாம ஷூ செய்யற ஊர்க்காரங்க.

4/
ஒரு காலுக்குப் பொருந்துகிற ஷூ வேண்டும் என்றால் இரண்டு வழி.

ஒன்று, ஆள் வந்த பிறகு காலை அளந்து, அந்த அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுப்பது. ஆர்டர் ஷூ.

இரண்டு, யார் வருவார்கள் என்றே தெரியாமல் எல்லா அளவிலும் முன்கூட்டியே செய்து அடுக்கி வைப்பது. ஆள் வந்ததும் அவர் காலுக்கு எது பொருந்துகிறது என்று தேடி எடுப்பது. ரெடிமேட்.

உடம்பு இதில் எதைச் செய்கிறது? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள்.

5/
1940ல் லைனஸ் பாலிங் என்ற பெரிய வேதியியலாளர் 'ஆர்டர் ஷூ' பக்கம் நின்றார். கிருமியே அச்சு, அதன் மேல் ஆன்டிபாடி மடிந்து வடிவம் எடுக்கிறது என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? ஆனால் அது தவறு.

1957ல் ஆஸ்திரேலிய மருத்துவர் மக்ஃபார்லேன் பர்னெட் மறுபக்கம் சொன்னார். வடிவங்கள் எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லும் ஒரே ஒரு வடிவ ஆன்டிபாடியைத் தன் மேல் தாங்கிக்கொண்டு சுற்றுகிறது. கிருமி வரும்போது, எந்தச் செல்லின் வடிவம் பொருந்துகிறதோ அந்தச் செல் மட்டும் தேர்வாகி, பெருகும். இதுதான் சரி என்று பின்னால் நிரூபணமானது.

அதாவது, நாய் உங்களைக் கடிக்கும் முன்பே ரேபிஸுக்கு எதிரான செல் உங்கள் உடம்பில் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது, இதைப் படிக்கும்போதே.

6/
உடனே இன்னொரு கேள்வி வரும். உலகத்தில் உள்ள எல்லா கிருமிக்கும், இனிமேல் வரப்போகிற கிருமிக்கும் சேர்த்து வடிவம் செய்து வைக்க எத்தனை மரபணு வேண்டும்? மனிதனிடம் இருப்பதே சுமார் 20,000 புரத மரபணுக்கள்தான். அதிலேயே கண், கல்லீரல், முடி எல்லாம் செய்யணும். கோடிக்கணக்கான ஆன்டிபாடிக்கு மரபணு எங்கே?

7/
விடை சொன்னவர் ஜப்பானின் சுசுமு டொனெகாவா. 1976ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேலை பார்க்கும்போது, எலிக்கருவின் டி.என்.ஏ.வையும், ஆன்டிபாடி செய்கிற எலிச்செல்லின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றாக இல்லை. கருவில் தள்ளித் தள்ளி இருந்த துண்டுகள், ஆன்டிபாடி செல்லில் வெட்டப்பட்டுப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தன.

டி.என்.ஏ. என்பது பிறப்பு முதல் சாவு வரை எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையை இது உடைத்தது. 1987ல் அவருக்கு நோபல் பரிசு.

8/
இதையும் ஷூ கம்பெனி கணக்கிலேயே பார்க்கலாம். ஆன்டிபாடி என்பது இரண்டு விதப் புரதச் சங்கிலி சேர்ந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

பெரிய சங்கிலியின் நுனிக்கு மூன்று வகைத் துண்டு வேண்டும். 'வி' வகையில் சுமார் 40, 'டி' வகையில் 23, 'ஜே' வகையில் 6. ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து ஒட்டணும்.
40 × 23 × 6 = 5,520 விதம்.

சின்னச் சங்கிலிக்கு இதே மாதிரி சுமார் 320 விதம். இரண்டையும் சேர்த்தால்,
5,520 × 320 = 17 லட்சத்துக்கும் மேல்.

துண்டுகளின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் கணக்கு புரியுதில்ல? நூறு சொச்சம் துண்டுகளை வைத்துக்கொண்டு 17 லட்சம் மாடல். அப்பரை மாற்றி, சோலை மாற்றி, ஹீலை மாற்றி புதுப்புது டிசைன் காட்டுகிற அதே வித்தை.

9/
இதோடு நிற்கவில்லை. இரண்டு துண்டு ஒட்டுகிற இடத்தில் உடம்பு வேண்டுமென்றே 'அலட்சியமாக' வேலை செய்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டும். நடுவில் கைக்கு வந்த டி.என்.ஏ. எழுத்துகள் நாலைந்தைச் சொருகும். எந்த டிசைன் புத்தகத்திலும் இல்லாத எழுத்துகள் இவை.

இதில் நிறைய வீணாகும், ஒன்றுக்கும் உதவாது. சில நம் உடம்பையே தாக்கும் வடிவமாக வந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றை எலும்பு மஜ்ஜையிலேயே பிடித்து ஒழித்துக் கட்டுகிறது உடம்பு. மிஞ்சுகிறவை கோடிக்கணக்கான வேறு வேறு வடிவங்கள். ஒரே கருவில் உருவான இரட்டையருக்குக்கூட இந்தக் கையிருப்பு ஒன்றாக இருக்காது.

10/
"அப்ப சரி டாக்டர், ரேபிஸுக்கான செல் என்கிட்டயே இருக்கு. எதுக்கு ஊசி?"

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறோம். கோடிக்கணக்கான வடிவம் இருக்கிறது என்றால், ஒவ்வொரு வடிவத்திலும் இருக்கிற செல் மிகக் கொஞ்சம் என்று அர்த்தம். ஒரு பெரிய குடோன் நிறைய ஷூ பெட்டி. அதில் உங்களுக்கு வேண்டியது ஒரு சில ஜோடி. அதைத் தேடணும். தேடிய பிறகு அதே மாதிரி லட்சக்கணக்கில் செய்யணும்.

இதற்குக் குறைந்தது ஒரு வாரம், சரியான அளவுக்கு வர இரண்டு வாரம் ஆகும். நீங்கள் பயில்வானாக இருந்தாலும், தினம் ஓடினாலும், கொள்ளு ரசம் குடித்தாலும் இந்த நேரம் குறையாது.

11/
வைரஸ் அதுவரை சும்மா இருக்குமா? கடித்த இடத்தின் தசையில் சில காலம் இருக்கும். பிறகு நரம்புக்குள் நுழையும். நுழைந்துவிட்டால் ரத்தத்தில் சுற்றுகிற ஆன்டிபாடியால் அதை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். நரம்பு வழியே மூளைக்குப் போகிறது.

இன்னொரு தந்திரம்: வழியில் அது பெரிதாகக் கலவரம் செய்யாது. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. அதனால் நம் எதிர்ப்பு மண்டலத்துக்கு அது வந்த சேதியே சரியாகப் போய்ச் சேராது. இயற்கையாக ஆன்டிபாடி தலைகாட்டும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

காயம் ஆறுவது தோலின் வேலை. தோல் ஆறிவிட்டது என்பதால் வைரஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

12/
நமக்குச் சாதகமாக இருப்பது ஒன்றே ஒன்று. கடிக்கும் நோய்க்கும் நடுவில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் இடைவெளி இருக்கிறது. சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். முகம், தலை, கழுத்து, கை விரல் என்றால் இடைவெளி சுருங்கும். குழந்தைகளுக்குக் கடி முகத்தில் விழுவது அதிகம், அதனால் அவர்கள் விஷயத்தில் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க.

செத்த வைரஸை ஊசியாகப் போட்டு, "இந்த வடிவத்தைத் தேடு" என்று உடம்புக்கு முன்கூட்டியே சேதி சொல்வதுதான் தடுப்பூசி. நிஜ வைரஸ் நரம்பேறும் முன் நம் செல்கள் பெருகிவிட வேண்டும். இது ஒரு ஓட்டப்பந்தயம். 1885ல் பாஸ்டர் ஜோசப் மெய்ஸ்டர் என்ற சிறுவனுக்குக் கடிபட்ட பிறகு ஊசி போட்டதும் இந்த இடைவெளியை நம்பித்தான்.

13/
அட்டவணை: கடிபட்டு முதல் ஊசி போடும் நாள் 0. பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் இரண்டு கையிலும் தோலுக்குள் போடும் முறை இது. தசையில் போடும் முறை என்றால் 14ஆம் நாள் ஒன்று கூடுதல், மொத்தம் ஐந்து.

ஏன் இத்தனை? முதல் ஊசி தேடச் சொல்கிறது. 3, 7ல் போடுவது தேடலை விடாமல் தூண்டி, செல் கூட்டத்தைப் பெருக்குகிறது. பிந்தைய ஊசிகள் அளவை நிலைநிறுத்தி, நினைவுச் செல்களை உண்டாக்குகின்றன. ஒன்று போட்டு நிறுத்துவது, ஆள் தேடச் சொல்லிவிட்டுப் பாதியில் போனை அணைப்பது மாதிரி.

14/
இதில் தரமும் இருக்கிறது. அக்குளில் 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்வோமே, அந்த நெறிக்கட்டிக்குள் நடப்பது அதிசயம். தேர்வான பி செல்கள் அங்கே பெருகும்போது, தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் தாங்களே மாற்றம் செய்துகொள்கின்றன. உடம்பின் மற்ற செல்களில் தற்செயலாக நடக்கும் மாற்றத்தைவிடச் சுமார் 10 லட்சம் மடங்கு வேகம். இதைச் செய்யும் என்சைமை 1999ல் ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோ குழு கண்டுபிடித்தது.

மாற்றத்தில் இன்னும் இறுக்கமாக ஒட்டுகிறவை பிழைக்கும். லூசாக ஒட்டுகிறவை சாகும். ஷூ கம்பெனியில் க்யூ.சி. டேபிள் இருக்கிற மாதிரி. முதல் வாரத்து ஆன்டிபாடியும் நாலாவது வாரத்து ஆன்டிபாடியும் ஒரே தரம் இல்லை.

15/
"சரி, அந்த முதல் ஒரு வாரம்?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு ஊசி, இம்யூனோகுளோபுலின். இது தடுப்பூசி இல்லை, ரெடியாக இருக்கிற ஆன்டிபாடி. குதிரைக்கோ மனிதருக்கோ தடுப்பூசி போட்டு, அவர்கள் ரத்தத்தில் உருவானதைச் சுத்தம் செய்து எடுத்தது. உங்கள் குடோனில் தேடி முடிக்கும் வரை வெளியிலிருந்து வாங்கிப் போடும் சரக்கு.

2016ல் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற இன்னொரு வகையும் உண்டு. புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிப்பு. மனித ஆன்டிபாடி மரபணுத் துண்டுகளைச் சுமக்கிற எலிகளிலிருந்து, ரேபிஸை நன்றாகப் பிடிக்கிற ஒரே ஒரு செல் வரிசையைத் தேர்ந்து, ஆலையில் வளர்த்து எடுப்பது. டொனெகாவா கண்ட அந்தத் துண்டுகள் இன்றைக்கு ஊசி மருந்தாக வருகின்றன.

ரத்தம் வந்த கடி, கிழிசல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாய் நக்கியது என்றால் இது கண்டிப்பாக வேண்டும். காயத்துக்குள்ளேயே குத்துவார்கள், வலிக்கும். வைரஸ் இருப்பதே அங்கேதான், அதனால் அங்கேதான் போடணும். வேண்டாம்னு சொல்லிட்டு வராதீங்க.

16/
அடுத்த புகார்: "ஜி.எச்.ல கொஞ்சூண்டு மருந்து கொப்புளம் மாதிரி போட்டாங்க. பிரைவேட்ல முழு ஊசி. இது வேலை செய்யுமா?"

தோல் ஊர்க்காரர் கேட்கக்கூடாத கேள்வி இது! ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பில் போட்டு முடியையும் மேல்படலத்தையும் நீக்குகிறோம். அடியில் ஒட்டிய சதையை வழிக்கிறோம். மிஞ்சுகிற நடு அடுக்குதான் லெதர். மனிதத் தோலிலும் அதே நடு அடுக்கில்தான் இந்த 0.1 மில்லி ஊசி போகிறது.

அந்த அடுக்கில் கிருமியைப் பிடித்து நெறிக்கட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிற காவல் செல்கள் நிறைய. அதனால் குறைந்த மருந்தே போதும். சின்னக் கொப்புளம் எழும்பினால் சரியான இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது சிக்கனத்துக்காகத் தரத்தைக் குறைத்த ஊசி இல்லை, உலக சுகாதார நிறுவனம் ஏற்ற முறை.

17/
பெரியவர்கள் இன்னும் பயப்படுவது 'தொப்புளைச் சுத்தி 14 ஊசி'. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. நம் பக்கத்துக்கு அதைப் பல காலம் கொடுத்தது 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம். வலி, அரிதாக நரம்புப் பாதிப்பு எல்லாம் அதில் இருந்தது. 2005க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. இப்போது இருப்பது செல்களில் வளர்த்து எடுக்கும் சுத்தமான தடுப்பூசி. கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கைக்குழந்தை எல்லாருக்கும் போடலாம். பத்தியம் கிடையாது. கறி, மீன், ஆம்பூர் பிரியாணி எல்லாம் சாப்பிடலாம்.

18/
இனி என் கருத்து, கொஞ்சம் காரமாகவே.

'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று பவுடரும் சிரப்பும் விற்கிறார்கள். மேலே சொன்ன கதையில் பவுடருக்கு எங்கே இடம்? அது வி, டி, ஜே துண்டைக் கூட்டாது. ரேபிஸ் செல்லைத் தேடித் தராது. எந்த வடிவத்தைத் தேடணும் என்கிற சேதி அதில் இல்லவே இல்லை. சத்தான சாப்பாடும் தூக்கமும் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அவையும் ஊசிக்கு மாற்று இல்லை. காயத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை வைப்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும் அதே கணக்குதான். உங்கள் நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. கும்பிட்டுட்டு ஊசிக்கு வாங்க என்கிறேன்.

19/
ஆனால் பாதியில் நிறுத்துகிறவர்கள் எல்லாரும் அறியாமையில் நிறுத்துவதில்லை. இது முக்கியம்.

ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் டேபிளில் உட்காருகிற ஒரு பெண் நான்கு நாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால், அந்த வாரக் கூலியில் ஓட்டை. வீட்டில் பீடி சுற்றுகிறவருக்கு ஆயிரம் பீடி குறைந்தால் காசு குறையும். பஸ் செலவு வேறு. ஊசி இலவசம், வந்து போவது இலவசம் இல்லை. 'ஒண்ணு போட்டாச்சு, போதும்' என்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கணக்குதான் இருக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை.

20/
அதனால் கம்பெனி நடத்துகிறவர்களுக்கும், சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாய்க்கடி சீட்டைக் காட்டினால் 3, 7, 28ஆம் நாட்களில் அரை நாள், கூலி பிடிக்காமல் அனுப்புங்க. உங்கள் லைனில் மூன்று அரை நாள் பெரிய நஷ்டம் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பது ஒரு உயிர்.

தோல் கிடங்கு, இறைச்சிக்கடைக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டினால் நாய் கூடும். அதை மூடி அப்புறப்படுத்துவதும், நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வதும் நகராட்சி வேலை. கேளுங்க, கேட்டுக்கிட்டே இருங்க. நாய்க்குப் போடும் ஊசி மனிதனுக்குப் போடும் ஊசியைவிட மலிவு.

21/
சேமித்து வைக்க:

• கடித்ததும் குழாய்த் தண்ணீரில், சோப்பு போட்டு, 15 நிமிடம் கழுவுங்க. சும்மா தண்ணி காட்டாதீங்க. வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பில் கரையும்.
• காயத்தில் எதையும் பூசாதீங்க, கட்டுப் போடாதீங்க. தையல் அவசரமில்லை.
• அன்றைக்கே மருத்துவமனை. நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காதீங்க. முதலில் ஊசி, நாயைக் கவனிப்பது கூடவே நடக்கட்டும். அட்டவணையை மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார்.
• ஊசி கையில்தான், சின்னக் குழந்தைக்குத் தொடையில். பிட்டத்தில் கூடாது.
• வீட்டு நாய், குட்டி நாய், பூனை, குரங்கு எல்லாத்துக்கும் இதே கதை.
• ஒரு தேதி தவறிவிட்டதா? விட்டுடாதீங்க. மறுநாளே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்க, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

22/
முழுசாகப் போட்டு முடித்தவர்களுக்கு ஒரு நல்ல சேதி. நினைவுச் செல்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த முறை நாய் கடித்தால் 0, 3 என்று இரண்டே ஊசி. காயத்தைச் சுற்றிப் போடும் வலி ஊசியும் தேவைப்படாது. குடோனில் உங்கள் ஜோடி எங்கே இருக்கிறது என்று உடம்புக்கு இப்போது தெரியும்.

பாதியில் விட்டவர்களுக்கு இந்தச் சலுகையை நம்பித் தர முடியாது.

23/
நம் ஒவ்வொருவர் எலும்புக்குள்ளும், இன்னும் உலகத்துக்கே வராத கிருமிக்குக்கூட விடை தயாராகிக்கொண்டிருக்கிறது. படித்தவர், படிக்காதவர், முதலாளி, கூலி என்ற பேதமே இல்லாமல் எல்லாருக்கும் கிடைத்த சொத்து அது. அதற்கு நாம் கொடுக்க வேண்டியது ஊசியும், கொஞ்சம் நேரமும்தான்.

உங்கள் தெருவில் இந்த மாசம் நாய் கடித்தவர் யாராவது இருந்தால், அவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, அடுத்த ஊசி எந்தத் தேதி?" பதில் தெரியாமல் முழித்தால், சீட்டை வாங்கிப் பாருங்க. முடிந்தால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுங்க.